ரவிக்கைத் துணியில் ஒரு சட்டை

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த இரண்டாவது வருஷம் என் கடைசி வெள்ளைச் சட்டை போனது. துவைத்துத் துவைத்து நூலாகிப்போயிருந்தது. ஒரு நாள் காலையில் கையை நுழைத்தபோது தோளிலிருந்து இடுப்பு வரை சத்தமே இல்லாமல் பிரிந்துகொண்டது. என் மனைவி தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுல இனிமே ஒட்டுப் போடக்கூட இடமில்லைங்க," என்றாள்.

நாங்கள் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம். பக்கத்திலிருந்த அரிசிக் குடோனில் நான் சின்னக் கிராணி. மலாயாவில் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன் எவனும் கிராணிதான். எனக்கு மேலே ஒரு பெரிய கிராணி இருந்தார். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்று பல தடவை முயன்று பார்த்துவிட்டேன். வரவில்லை.

துணி எங்கேயும் கிடையாது. கப்பல் வரவில்லை, இருந்ததையெல்லாம் ராணுவம் அள்ளிக்கொண்டது. குடோனில் பாதிப் பேர் மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் முதுகில் மாவு மில்லின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், இன்னொருவன் வயிற்றின் மேல் மூட்டையின் எடை இருக்கும். ஜன்னல் திரையை வெட்டிக் கால்சட்டை தைத்துப் போட்டவனும் உண்டு. பெரிய கிராணி மட்டும் கஞ்சி போட்ட வெள்ளை டிரில் சட்டையில் வருவார். துரைமார்கள் சிங்கப்பூருக்கு ஓடின வாரத்தில் பங்களாக்களில் புகுந்து அள்ளியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டைகளின் கழுத்துப் பட்டைக்குள் வேறு எவனோ ஒரு வெள்ளைக்காரனின் பெயரின் முதலெழுத்து சிவப்பு நூலில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. திருட்டுச் சட்டை அவர் கௌரவத்தைக் குறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு புட்டி தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஒரு பாய் ஜவுளிக் கடை வைத்திருந்தார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர். என் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்தது அவரிடம்தான். கடையின் முன்பலகை பாதிதான் திறந்திருந்தது. உள்ளே தட்டுகளெல்லாம் காலி.

"ஆம்பளைத் துணின்னு ஒரு முழம் கூட இல்ல தம்பி," என்றார். "டிரில், காக்கி, வேட்டி எல்லாத்தையும் லோரி கொண்டாந்து ஏத்திட்டுப் போயிட்டானுங்க. பூப்போட்டதை மட்டும் வேணாம்னு விட்டுட்டான்."

"பூப்போட்டதுன்னா?"

கீழ்த் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்தார். வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணி. வெளிர் ஊதா நிறம், அதில் விரல்நகம் அளவுக்குக் கருஊதாப் பூக்கள். "ரவிக்கைத் துணி. உங்க வீட்டுல கொடுங்க, சந்தோசப்படுவாங்க."

நான் அதைக் கையில் வாங்கினேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் மறைத்ததுபோல் ஆகும். எனக்கு அந்த மாதிரித் துணி சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். எட்டு வயதில், கிள்ளானுக்கு அருகே மேரு என்ற ஊரில் நாங்கள் இருந்தபோது, கொடியில் காய்ந்த என் அத்தையின் சேலையைத் தோளில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அப்பா இடுப்பு வாரைக் கழற்றி அடித்தார். அதற்குப் பிறகு கடைகளில் அந்தப் பக்கம் என் கை போகாமல் பார்த்துக்கொண்டேன். வெள்ளையும் காக்கியும் போட்டு வளர்ந்தேன். ஆண் என்றால் அந்த இரண்டு நிறத்துக்குள் இருந்து செத்துப்போக வேண்டும் என்று யார் எங்கே எழுதி வைத்தார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றியதில்லை. இப்போது வேறு துணி இல்லை. ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. சாக்கு கிடைத்ததில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

"எனக்குத்தான் பாய். சட்டைக்கு எவ்வளவு வேணும்?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. மூன்று கஜம் அளந்து கிழித்து, "காத்தோட்டமா இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தெருத் தையல்காரர் துணியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். "இதுல ஆம்பளைக்குத் தைச்சேன்னு தெரிஞ்சா என் கடைப் பேரு கெட்டுரும்ணே," என்றார். அவர் கடையில் அந்த மாதம் தைக்க எதுவுமே இல்லை. வெறும் மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இருந்தும் அவருக்குப் பேரு முக்கியம்.

என் மனைவி தன் கைமெஷினை எடுத்து வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பதுண்டு.

"ஆம்பளைச் சட்டை வெட்ட எனக்குத் தெரியாதே. ரவிக்கைதான் கைக்கு வரும்."

"ரவிக்கை மாதிரியே வெட்டி நீளமா விட்டுடு."

"கை? அதையும் சுருக்கு வச்சா?"

"வையேன்."

தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நிஜமாவே சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

தோளில் சுருக்கு வைத்து, கழுத்தை வட்டமாக வெட்டி, மெல்லிய பட்டை ஒன்று வைத்துத் தைத்தாள். பொத்தான்கூடப் பெண்களுக்கு வைக்கிற பக்கத்தில்தான் வைத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தேழு வயதில் முதல் தடவையாக எனக்குப் பிடித்த உடுப்பில் என்னைப் பார்த்தேன். "நல்லா இருக்குங்க," என்றாள் அவள். கேலி இல்லை. அந்த வீட்டுக்குள் அது அவ்வளவு சுலபமான விஷயமாக இருந்தது.

மறுநாள் குடோனுக்குள் நுழைந்தபோது முதலில் சத்தம் போட்டவன் என் எதிர் மேஜைக் கிராணி. என் வயசுக்காரன், கல்யாணம் ஆகாதவன், அவன் அக்கா குடும்பம் கிள்ளானில் இருந்தது. என் நெருங்கிய நண்பன்.

"டேய், அக்கா வந்துட்டாங்கடா! நாற்காலியைத் துடைச்சுப் போடு!" என்றான்.

மூட்டை தூக்குகிறவர்கள் வரை சிரித்தார்கள். முதுகில் மாவு மில்லின் பெயரோடு சிரித்தார்கள். என் காது கொதித்தது. உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

பத்து மணிக்கு ஜப்பான் அதிகாரி சுற்றிப் பார்க்க வந்தான். அவனைப் பற்றி எனக்கு ஒரு மயக்கமும் கிடையாது. சரியாகக் குனியவில்லை என்று ஒரு கிழட்டுக் காவல்காரரை வெயிலில் முட்டி போட வைத்தவன் அவன். என் மேஜை முன் நின்று, என் சட்டைக் கையைப் பிடித்துத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தான். அவன் ஏதோ சொன்னான். கூட வந்த சீனர் மலாயில் திருப்பிச் சொன்னார்: "செஜோக்கா?" குளுகுளுவென்று இருக்கிறதா என்று கேட்கிறான். இருக்கிறது என்று தலையாட்டினேன். அவன் அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். நாட்டைப் பிடித்தவனுக்கு அதற்கு மேல் அதில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

நம் ஆளுக்கு இருந்தது. மத்தியானம் பெரிய கிராணி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னது இது?"

"சட்டைங்கய்யா."

"பொம்பள ரவிக்கையப் போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வர்றியா? நாளைக்கு இதோட வராத."

"வேற இல்லைங்கய்யா."

"சாக்கக் கட்டிக்கிட்டு வா. எல்லாரும் வரல?"

"சாக்கு உடம்பை அறுக்குது. இது நல்லாத்தானே இருக்கு? கிழியல, அழுக்கு இல்ல."

"நல்லா இருக்குன்னு வேற சொல்றியா?" அவர் முகம் மாறிவிட்டது. இல்லாமையால் போட்டிருந்தால் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிடித்துப் போட்டிருக்கிறேன் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நம்ம தமிழன் மானத்தை வாங்கப் பார்க்கிறியாடா நீ?"

நான் மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனேன். துவைத்த நாளில் என் மனைவியின் பழைய சேலையில் பாதியைக் கிழித்துத் தைத்த இன்னொன்றைப் போட்டேன். வழியிலிருந்த கோப்பிக் கடையில் "என்னாக்கா, மாமா சுகமா?" என்று கேட்பார்கள். ஒருவன் காறித் துப்பினான். ஊரில் அரிசி இல்லை. காய்ச்சலுக்கு மருந்து இல்லை. தெருவில் வீங்கிய காலோடு ஆட்கள் கிடந்தார்கள். துப்புவதற்கு இவர்களுக்குக் கிடைத்தது என் தோளில் இருந்த சுருக்கு.

என் மனைவி என் பழைய காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, பாதை ஓரத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போன பெரிய கிராணி என்னிடமே சொன்னார்: "உன் வீட்டுக்காரிக்கு இருக்கிற துணிச்சல் உனக்கு இல்ல." அவள் என்னுடையதைப் போட்டால் துணிச்சல். நான் அவளுடையதைப் போட்டால் மானக்கேடு.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பன் வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசினான். பிறகு என் மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, எனக்கும் ஒண்ணு தைச்சுத் தர முடியுமா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "எல்லாரு முன்னாடியும் சிரிச்ச இல்ல நீ? முதல்ல கத்தினதே நீதானே?"

"நான் சிரிக்கலன்னா என்னையும் சேர்த்துச் சிரிப்பானுங்கடா," என்றான். தலை குனிந்திருந்தது. "வெளிய போட மாட்டேன். வீட்டுக்குள்ள போட்டுக்கறேன். ஒரே ஒரு தடவை அந்தத் துணியத் தொட்டுப் பார்க்கணும்போல இருந்துச்சு, அன்னிக்கே."

அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. என் மனைவி அளவு எடுத்தாள். பச்சையில் வெள்ளைக் கொடி ஓடிய அவளுடைய சேலை ஒன்று முந்தானைப் பக்கம் நைந்திருந்தது. மிச்சத்தில் அவனுக்குச் சட்டை ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு மரவள்ளிக் கிழங்கு தின்பான். கொஞ்ச நாளில் சாக்குச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு குடோனுக்கே வரத் தொடங்கினான். சாக்கு உரசாது என்று காரணம் சொன்னான். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் மேல் பொத்தானைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். பச்சை தெரிந்தது. பெரிய கிராணி அவன் மேஜையருகே நின்று, "உனக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டங்களிலிருந்து லோரி லோரியாகக் கொண்டுபோனார்கள். போனவன் திரும்பவில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் குடோனும் மூன்று பேரைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயர் எழுதுகிற வேலை பெரிய கிராணியுடையது. முதல் பெயராக என்னுடையதை எழுதினார். என்னைக் கூப்பிட்டே சொன்னார்.

"நாலு மாசம் காட்டுல மண்ணு வெட்டினா ஆம்பளையாகித் திரும்பி வருவ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அழவில்லை. கால்சட்டையை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினாள். பெரிய கிராணியின் மனைவிக்கு அவள் ரவிக்கை தைத்துக் கொடுத்த பழக்கம் உண்டு. அந்த அம்மாள் காலில் விழுந்திருக்கிறாள். அந்த அம்மாள் தன் புருஷனிடம் என்ன சண்டை போட்டாளோ, என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை அவர் மேஜையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தேன். என் பெயர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே நண்பனின் பெயர் இருந்தது.

அவர்கள் கிளம்பியது வியாழக்கிழமை. நடுவில் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

புதன்கிழமை அவன் என் மேஜைக்கு வந்தான். "கடைசி நிமிசத்துல என் பேரு எப்படிடா வந்துச்சு? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியலடா," என்றேன்.

தெரிந்துகொண்டுதான் கேட்டானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "சரி, அக்காவுக்கு ஆள் சொல்லி அனுப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். மற்றவர்கள் மீதான என் கோபத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவன் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

யுத்தம் முடிந்து சில வாரம் கழித்து, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். முழங்காலுக்குக் கீழே புண், துணி சுற்றியிருந்தார். நண்பனோடு ஒரே கொட்டகையில் இருந்தவராம். போன வருஷமே, மழை நாளில், பேதியில் போய்விட்டான் என்றார்.

"அவர்கிட்ட ஒரு பச்சைச் சட்டை இருந்துச்சுங்க, பூக்கொடி போட்டது," என்றார். "எங்களுக்கெல்லாம் கோவணம்தான். ராவுல குளிரு தாங்காது. காய்ச்சல் யாருக்கு அதிகமோ அவங்களுக்கு அந்தச் சட்டைய மாட்டி விடுவாரு. ஆறு பேரு மாத்தி மாத்திப் போட்டோம்."

"யாரும் சிரிக்கலையா?" என்று கேட்டேன்.

என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. "எதுக்குச் சிரிக்கணும்?" என்றார்.

என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

குடோனில் அதே பெரிய கிராணி அதே நாற்காலியில் இருந்தார். சுவரில் படம் மட்டும் மாறியிருந்தது. திரும்பி வந்த வெள்ளைக்காரனுக்கு அவர் முன்பைவிட நன்றாகக் குனிந்தார். துணி கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியது. எங்களுக்கு ஆளுக்கு இரண்டு சட்டைக்கு வெள்ளைத் துணி கொடுத்தார்கள். கொடுக்கும்போது பெரிய கிராணி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே துணி இல்லைன்னு சாக்குச் சொல்ல முடியாதில்ல? திங்கக்கிழமையிலேர்ந்து ஒழுங்கா வா."

திங்கட்கிழமை அந்த ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நிறம் வெளுத்து, முழங்கைப் பக்கம் ஒட்டுப் போட்டது. அவர் மேஜை முன்னால் நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலர் புது வெள்ளையில்.

"அவன் பேரை ஏன் எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"யார் பேரை?"

"உங்களுக்குத் தெரியும். அவன் செத்துப்போயிட்டான். என் பேரை அடிச்சிட்டு அவன் பேரை எழுதினீங்க. ஒரு சட்டைக்காக எழுதினீங்க. அவன் போட்ட சட்டை உங்களை என்ன பண்ணிச்சு?"

அவர் என் தோளைப் பார்த்தார். தோளில் இருந்த சுருக்கைப் பார்த்தார். "முதல்ல ஆம்பளை மாதிரி உடுத்திக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்," என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவன் தொடங்க, மற்றவர்களும் சிரித்தார்கள். நண்பனோடு ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். அவரை அறையக் கையைத் தூக்கிவிட்டேன். அறையவில்லை. என் மேஜைக்குப் போய் என் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வாசற்படியைத் திரும்ப மிதிக்கவில்லை.

என் மனைவி பாதை ஓரத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நான் போய் அந்தம்மா கால்ல விழலன்னா உங்க சிநேகிதரு உயிரோட இருந்திருப்பாரு," என்றாள். இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. "நான்தான் கொன்னேன்."

"நீ என்னைக் காப்பாத்தப் போன. பேரை எழுதினது பெரிய கிராணி. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டது நான். உன் மேல இதுல ஒண்ணும் இல்ல."

"இருக்குங்க," என்று கத்தினாள். நானும் கத்தினேன். ரயில் ஒன்று போனது, அதற்கு மேலும் கத்தினோம். பிறகு இரண்டு பேரும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதோம்.

கிள்ளான் பாய் என்னைத் தன் கடையில் சேர்த்துக்கொண்டார். முப்பது வருஷம் துணி வெட்டினேன். பெண்கள் பக்கத்துத் துணியை எந்த ஆண் தொட்டுப் பார்த்தாலும் "வீட்டுக்காரம்மாவுக்கா?" என்று நான் கேட்டதில்லை. எனக்குப் பிடித்ததைத்தான் உடுத்தினேன். பேசுகிறவர்கள் பேசினார்கள். பாய் என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பெரிய கிராணி நல்ல வயதுவரை இருந்து, வீட்டுக் கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தார். பழைய குடோன் ஆட்கள் சேர்ந்து மாலை வாங்குவதாகச் சொல்லி ஒருவர் கடைக்கு வந்தார். "போனதெல்லாம் போகட்டும்ணே, ஒரு மனுசன் போயிட்டாரு," என்றார்.

"போகட்டும்," என்றேன். மாலைக்கும் கொடுக்கவில்லை, சாவுக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, நீங்கள் போகாதது சரிதான் என்று என் மனைவி சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் வழக்கம்போலச் சாப்பிட்டோம்.